கன்றலும் எக்கிமோசிசும்: ஒரு மருத்துவச் சொல்லின் பிறப்பும் பொருளும்

தோற்றுவாய்

சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பார்த்த அளவிற் புலப்படுவதன்று என்பது தொல்காப்பியனார் உரியியலிற் கொண்ட கொள்கையாகும். இக்கொள்கை தமிழ்ச் சொற்களுக்கே உரியதன்று. எம்மொழிச் சொற்கும் பொருந்துவதாகும். மேலைநாட்டு மருத்துவ நூல்களில் வழங்கும் கலைச்சொற்களுள் பெரும்பாலன கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வேர்கொண்டவை. அவற்றை நாள்தோறும் வழங்கும் மருத்துவரும் அவற்றின் காரணத்தை அறிந்து வழங்குவாரல்லர். அறியாது வழங்குவதால் அவர் தொழிற்கு இழுக்கொன்றுமில்லை. ஆயின், அச்சொற்களைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார்க்குக் காரணம் அறிதல் இன்றியமையாததாகின்றது.

அத்தகைய சொற்களுள் ஒன்றனை ஈண்டு ஆராய எடுத்துக்கொள்கின்றோம். அடிபட்ட இடத்திலோ, அடிபடாத இடத்திலோ தோலின்கீழ்க் குருதி பரவி, அவ்விடம் கருநீலமாகக் காணப்படும் நிலையினை மருத்துவர் 'எக்கிமோசிசு' என்பர். நம் நாட்டார் 'கன்றிப்போயிற்று' என்பர். இவ்விரண்டும் ஒரு பொருளை இருவேறு வாயிலாக நோக்கிப் பிறந்த சொற்கள். ஒன்று உள்ளே நிகழ்ந்ததனைக் கூறும்; மற்றொன்று வெளியே தோன்றுவதனைக் கூறும். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. அடியுண்டார்க்கு மருத்துவர் எழுதித்தரும் காயச் சான்றிதழ் வழக்குமன்றத்திற் படிக்கப்படும்பொழுது, ஒரு சொல்லின் பொருளெல்லை ஒருவர் உரிமையையும் உயிரையும் தொடுவதாகும். ஆதலின் இச்சொல்லின் பிறப்பையும், பொருள் விரிந்த வகையையும், தமிழில் அதற்கு நேராவது யாது என்பதனையும் முறையே காண்பாம்.

கிரேக்க மூலம்

எக்கிமோசிசு என்பது மூன்று உறுப்புக்களால் ஆகியது. 'எக்கு' என்பது முன்னொட்டு. புறத்தே, வெளியே என்னும் பொருளது. 'கூமோசு' என்பது சாறு என்னும் பொருளுடைய பெயர். 'ஓசிசு' என்பது வினையினின்று தொழிற்பெயரை ஆக்கும் ஈறு. மூன்றும் கூடியவழிச் 'சாறு வெளிப்படுதல்' என்னும் பொருள் பிறக்கும். முன்னொட்டின் ஈற்றுக் ககரமும் பெயரின் முதலிலுள்ள மூச்சொலியுடைய ககரமும் அடுத்து நிற்றலின், இலத்தீன் எழுத்தில் அச்சொல் இரட்டித்த வடிவில் எழுதப்பெறுகின்றது. ஆங்கிலத்தில் அது புகுந்தது 16ஆம் நூற்றாண்டில் ஆகும்.

இச்சொல்லின் நடுவுறுப்பாகிய 'கூமோசு' என்பதும் பகாப்பதம் அன்று. ஊற்றுதல், சொரிதல் என்னும் பொருளுடைய 'கெஓ' என்னும் வினையினின்று தோன்றியது அது. ஊற்றப்படுவது யாதோ, ஓடுவது யாதோ, அது கூமோசு. பழத்தின் சாறும் அதுவே. உடலின் நீர்மங்களும் அவையே. கிரேக்க மருத்துவர், குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நால்வகை நீர்மங்களால் உடல் இயல்வது எனக் கொண்டனர். அந்நீர்மங்களுக்கு அவர் வழங்கிய பெயர்களுள் ஒன்று இக் கூமோசு என்பதே. ஆகவே, எக்கிமோசிசு என்று முதற்கண் வழங்கினார்க்கு அச்சொல் வெறும் 'குருதிக் கசிவு' என்னும் பொருளதாக மட்டும் இருந்திராது. உடலை இயக்கும் நீர்மம் ஒன்று தனக்குரிய இடத்தினின்று நீங்கிற்று என்னும் கருத்தும் அதனுள் அடங்கியிருத்தல் கூடும்.

இப்போக்கிரேட்டீசு பெயரால் வழங்கும் மருத்துவத் தொகுதியில், எலும்பு முறிவுகளைப் பற்றிய நூலின்கண் இச்சொல்லின் வினைவடிவம் பயில்கின்றது. உயரத்தினின்று குதித்துக் குதிகால் ஊன்ற விழுந்தாரைப் பற்றிக் கூறுமிடம் அது. குதியின் எலும்பைச் சூழ்ந்த தசை நசுங்குதலால் ஆங்குள்ள சிறு நாளங்கள் குருதியை வெளிவிடுகின்றன என்பதும், அதனால் வீக்கமும் கடுநோவும் உண்டாகின்றன என்பதும் ஆண்டுப் பெறப்படும். இவ்விடத்து நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. வினைக்கு எழுவாயாக நிற்பன நாளங்களே. ஆகவே 'வெளியே' என்னும் முன்னொட்டு உடலுக்கு வெளியே என்பதனைக் குறித்ததன்று; நாளத்துக்கு வெளியே என்பதனையே குறித்தது. குருதி தோலைக் கடந்து வரவில்லை. தான் ஓடும் வழியைக் கடந்தது, அவ்வளவே. இந்நுட்பம் பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

ஊற்றுதற் பொருட்டாய வேரின் கிளைகள்

'கெஓ' என்னும் வினையின் வேர் இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பரந்து கிடக்கின்றது. வடமொழியில் வேள்வித்தீயில் நெய் முதலியவற்றைச் சொரிதலைக் குறிக்கும் வினை அவ்வேரினின்று வந்ததே. அதன் வழிப்பட்ட 'ஹோமம்' என்பது தமிழில் 'ஓமம்' என வழங்குகின்றது. எனவே, வேள்விச்சாலையிற் கேட்கும் ஓமமும் மருத்துவச்சாலையிற் கேட்கும் எக்கிமோசிசும் மிகத் தொலைவான உறவினர் ஆவர். இலத்தீனில் ஊற்றுதலைக் குறிக்கும் வினையும் இவ்வேரினதே. உலோகத்தை உருக்கி ஊற்றும் தொழிற்சாலையை ஆங்கிலர் 'பவுண்டரி' என்பது அவ் இலத்தீன் வினைவழி வந்த சொல்லால் ஆகும். தமிழிலும் ஊற்றுதலைக் குறிக்கும் 'வார்' என்னும் வினையினின்றே 'வார்ப்பு' என்னும் உலோகத் தொழிற்சொல் பிறந்தது. வேர் வேறாயினும் எண்ணம் ஒன்றாதல் காண்க.

மருத்துவத் துறையிலேயே இவ்வேரின் மக்கள் வேறு சிலர் உளர். இரைப்பையிற் பாதி செரித்த உணவுக் குழம்பைக் 'கைம்' என்றும், குடலினின்று நிணநாளங்களிற் செல்லும் பால்போன்ற நீர்மத்தைக் 'கைல்' என்றும் இற்றை நூலார் கூறுவர். கிரேக்கத்தில் கூமோசு, கூலோசு என நின்ற இவ்விரண்டும் ஒரு வேரினவே.

'பாரன்கைமா' என்னும் சொல்லைத் தாவர நூல் பயில்வார் அனைவரும் அறிவர். அதுவும் இவ்வேர்வழிச் சொல்லே. 'அருகே உள்ளூற்றப்பட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எரசித்திராத்தசு என்னும் கிரேக்க மருத்துவர், ஈரல் முதலிய உறுப்புக்களின் சதைப்பகுதி நாளங்களினின்று ஊற்றப்பட்டு உறைந்த குருதியே எனக் கருதி அப்பெயரை இட்டனர். அக்கருத்துப் பிழை என்பது பின்னர்த் தெளிந்தது. எனினும் பெயர் மறையவில்லை. குருதியே இல்லாத செடிகொடிகளின் திசுவிற்கும் அப்பெயர் சென்று பற்றியது. காரணம் அழிந்தபின்னும் காரணப்பெயர் வாழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று. எக்கிமோசிசு அத்தகையதன்று. நால்வகை நீர்மக் கொள்கை வீழ்ந்தபின்னும், நாளத்தினின்று குருதி வெளிப்பட்டது என்னும் அதன் கூற்று மெய்யாகவே நிற்கின்றது.

தொழிற்பெயர் பொருட்பெயர் ஆயினமை

கிரேக்கத்தில் எக்கிமோசிசு என்பது நிகழ்ச்சியைக் குறித்தது. குருதி வெளிப்படுதலாகிய தொழிலின் பெயர் அது. இன்றோ மருத்துவர், 'தொடையில் ஓர் எக்கிமோசிசு உளது' என்கின்றனர். அஃதாவது, தொழிலின் பெயர் அத்தொழிலாற் பிறந்த கறைக்கு ஆகியுள்ளது. நம் இலக்கணத்தார் இதனைத் தொழிலாகுபெயர் என்பர். 'வற்றல் உண்டான்' என்புழி வற்றுதலாகிய தொழிலின் பெயர் வற்றிய பொருளுக்கு ஆயிற்று அன்றோ? அதுபோன்றதே இது.

பொருளெல்லையும் காலப்போக்கிற் குறுகியது. தோலின்கட் குருதி கசிந்து தோன்றும் குறிகளை இற்றை மருத்துவர் அளவுபற்றிப் பகுப்பர். குத்தூசி முனைபோல் மிகச் சிறியனவாய்த் தோன்றும் புள்ளிகள் 'பெட்டிக்கியா' எனப்படும். அவற்றிற் பெரியன 'பர்ப்புரா'. ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டருக்கு மேற்பட்டுப் பரவியது எக்கிமோசிசு. இவற்றின் எல்லையளவுகள் நூலுக்கு நூல் சிறிது வேறுபடும். விரலால் அழுத்தியவழி நிறம் மறையாமை இம்மூன்றற்கும் பொது. நாளத்தினுள் குருதி மிக்கோடுதலாற் சிவந்த இடமாயின், அழுத்தத்தில் வெளிறிப் பின் சிவக்கும். நாளத்தைக் கடந்த குருதியோ அழுத்தத்திற்கு அகலாது. முன்னொட்டாகிய 'எக்கு' என்பதன் பொருளை விரல்நுனியால் தேர்ந்தறியும் முறை இது எனலாம்.

உடன் வழங்கும் பிற சொற்கள்

ஒரு சொல்லின் பொருளை அதனோடு உடன்நிற்கும் சொற்களை வைத்தே வரையறுத்தல் வேண்டும். ஆங்கில நாட்டுப் பொதுமக்கள் வழங்கும் 'புரூசு' என்பது நசுக்குதலைக் குறித்த பழைய ஆங்கில வினையினின்று வந்தது. பழம் பிரெஞ்சுச் சொல் ஒன்றும் அதனோடு வந்து கலந்தது. மருத்துவரும் வழக்குரைஞரும் வழங்கும் 'கண்டூசன்' என்பது இலத்தீனில் ஒருங்கு அடித்து நொறுக்குதலைக் குறித்த வினையின் வழிப்பட்டது. இவ்விரண்டும் காரணத்தைக் கூறுவன. அடித்தல் நசுக்கல் இன்றி இவை இல்லை.

பர்ப்புரா என்பது நிறத்தைக் கூறுவது. கடற்சிப்பியினின்று எடுத்த ஊதாச் சாயத்திற்கு இலத்தீனிலும் கிரேக்கத்திலும் வழங்கிய பெயர் அது. பெட்டிக்கியா என்பது இத்தாலியத்தினின்று வந்த சொல். தெள்ளுக் கடித்தாற்போன்ற புள்ளிகளைக் குறிப்பது. 'ஈமட்டோமா' என்பது குருதி ஓரிடத்துத் திரண்டு கட்டியாதலைக் குறிப்பது. இவ்வாறு ஒன்று காரணத்தையும், ஒன்று நிறத்தையும், ஒன்று உருவத்தையும், ஒன்று திரட்சியையும் கூற, எக்கிமோசிசு ஒன்றே நிகழ்ச்சியின் உள்முறையைக் கூறி நிற்கின்றது.

இதனால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தார்க்குக் கண்களைச் சுற்றியும், காதின் பின்புறத்தும் கருநீலம் படர்தல் உண்டு. கணையம் கடுமையாக அழன்றார் சிலர்க்கு விலாவின் கீழ்ப்பக்கத்தில் அந்நிறம் தோன்றும். இதனை 1920ஆம் ஆண்டையொட்டிக் கிரே டர்னர் என்னும் அறுவை மருத்துவர் விளக்கினர். கொப்பூழைச் சூழ அது தோன்றுதலை 1918இல் கல்லன் என்பார், கருப்பைக்குப் புறத்தே கருத்தங்கி வெடித்த நோயாளரிடத்துக் கண்டு கூறினர். இவ்விடங்களில் அடி ஒன்றும் பட்டதில்லை. குருதி வேறோரிடத்து வெளிப்பட்டு, திசுக்களின் இடைவழியே இழிந்து ஈண்டு வந்து தோன்றியது. இவற்றைக் 'கண்டூசன்' என்றல் பொருந்தாது. எக்கிமோசிசு என்றலே பொருந்தும். முதியோர்க்கும், குருதி உறையும் இயல்பு குன்றினார்க்கும், அடிபட்ட நினைவே இன்றி உடல் கன்றுதலும் இத்தகையதே.

சுகில்லாத்தியோ தந்த பாடம்

ஒரு சொல் இரு பொருளைத் தாங்குதலால் வரும் கேட்டினை இலத்தீன் மொழியின் 'சுகில்லாத்தியோ' என்னும் சொல்லால் அறியலாம். அது கருநீலம் படிய அடித்தலைக் குறித்த வினையின் பெயர். அவ்வினைக்கே பழித்தல், இகழ்தல் என்னும் பொருளும் உண்டு. உடலிற் படும் அடியும் உள்ளத்திற் படும் அடியும் ஒரு சொல்லால் வழங்கின. பின்னை நாளில் மருத்துவர் சுகில்லாத்தியோ என்பதனை அடியாற் பிறந்த கறைக்கும் வழங்கினர். உயிர்நீங்கிய உடலின் கீழ்ப்பகுதியிற் குருதி தேங்குதலாற் பிறக்கும் நிறத்திற்கும் வழங்கினர்.

இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் முற்றும் வேறானவை. இறந்தபின் குருதியோட்டம் நிற்ப, குருதி தன் எடையாற் கீழ்நோக்கி இழிந்து நாளங்களுள்ளேயே தேங்கும். அவ்விடத்தைக் கீறிக் கழுவின் குருதி ஓடித் திசு தெளியும். உயிருள்ளபோது அடிபட்டாரிடத்தோ குருதி நாளத்தைக் கடந்து திசுவினுட் புகுந்திருத்தலின், கழுவினும் போகாது. முன்னது நாளத்தின் உள்ளே. பின்னது நாளத்தின் புறத்தே. கிரேக்கச் சொல்லின் முன்னொட்டு எவ்வேறுபாட்டைக் குறித்ததோ அவ்வேறுபாடே, இயற்கையாக இறந்தார்க்கும் அடித்துக் கொல்லப்பட்டார்க்கும் இடையே நடுவர் காணவேண்டிய வேறுபாடும் ஆகின்றது. இரண்டிற்கும் ஒரு சொல்லை வழங்கின், குற்றமற்றவன் தண்டனை பெறுதலும் குற்றவாளி தப்புதலும் கூடும்.

1828ஆம் ஆண்டின் இறுதியில் எடின்பரோ நகரில் பர்க்கு, ஏர் என்னும் இருவர் செய்த கொலைகள் வெளிப்பட்டன. உடற்கூறு பயில்வார்க்குப் பிணம் விற்றற்பொருட்டு மக்களைக் கொன்றவர் அவர். அவ்வழக்கில் இறுதியாகக் கொலையுண்டவரின் உடலை ஆராய்ந்தவருள் இராபர்ட்டு கிறித்திசன் என்னும் பேராசிரியரும் ஒருவர். உடலிற் கண்ட குறிகள் உயிரிருந்தபோது உண்டானவையோ, பிணத்தைக் கையாண்டபோது உண்டானவையோ என்பது எழுந்த வினா. அதனைத் தெளிதற்கு அவர் பிணங்களின்மேல் அடித்துத் தேர்வு செய்து, தாம் கண்டவற்றை 1829இல் வெளியிட்டனர். இறந்து சிறிது பொழுதுக்குள் அடிபடின், உயிருள்ளபோது பட்டாற்போன்ற குறி தோன்றுதல் கூடும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. கானன் தாயில் எழுதி 1887இல் வெளிவந்த கதையில், செர்லாக்கு ஓம்சு என்னும் துப்பறிவோன் பிணங்களைக் கோலால் அடித்துத் தேர்வதாகக் காட்டியிருத்தலைக் கதை பயில்வார் நினைவுகூர்வர்.

நிறமும் காலமும்

கன்றிய இடம் முதலிற் செம்மையும் நீலமும் கருமையுமாய் இருந்து, பின்னர்ப் பசுமை கலந்து, இறுதியில் மஞ்சளாகி மறைதலை யாவரும் கண்டிருப்பர். நாளத்தைக் கடந்த குருதியின் சிவப்பணுக்கள் சிதைய, அவற்றின் செந்நிறப்பொருளை உடலின் விழுங்கணுக்கள் சிதைக்கின்றன. அதனினின்று முதலிற் பச்சைநிறமுடைய 'பிலிவெர்டின்' என்பதும், பின்னர் மஞ்சள்நிறமுடைய 'பிலிரூபின்' என்பதும் தோன்றும். எஞ்சிய இரும்பு பழுப்பு நிறப்பொருளாகச் சிலகாலம் தங்கும். இப்பிலிரூபின் என்பதே பித்தநீருக்கும் காமாலை நோயாளர் கண்ணுக்கும் மஞ்சள்நிறம் தருவது. குருதியையும் மஞ்சட்பித்தத்தையும் இருவேறு நீர்மங்களாக எண்ணிய கிரேக்கர், ஒன்றன் சிதைவே மற்றொன்றன் நிறம் என்பதனைத் தம் கண்முன் கன்றிய தோலிலேயே கண்டிருந்தும் அறிந்திலர்.

நிறத்தைக் கொண்டு அடிபட்ட நாளைக் கணித்தல் நெடுங்கால வழக்கு. ஆயின் அது துணியத்தக்கதன்று. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மஞ்சள்நிறம் தோன்றிய கன்றல் 18 மணிநேரத்திற்கு மேற்பட்டது என்னும் அளவே உறுதியாகப் பெறப்பட்டது. ஏனைய நிறங்கள் இன்ன நாளில் தோன்றும் என வரையறுக்க இயலாது. கறையின் ஆழம், இடம், அகவை, தோலின் நிறம் ஆகியவற்றால் அது மாறும். நம்மனோரின் கருநிறத் தோலில் நீலமும் ஊதாவும் தெளிவுறத் தோன்றா. வெண்ணிறத் தோலைக் கண்டு எழுதிய நூல்களின் நிறப்பெயர்களை அவ்வாறே கொண்டு நோக்குவார், உள்ள கன்றலையும் இல்லை எனக் கருதிவிடல் கூடும். வீக்கமும் தொடுநோவும் உடனறியத் தக்கன.

தமிழ் வழக்கு

இனித் தமிழிற் கன்றுதல் என்னும் வினையை நோக்குவாம். அடியாலும் உராய்வாலும் தோல் நிறம் மாறிப் புண்படுதல், வெயிலால் வாடிக் கறுத்தல், முகம் வாடுதல், உள்ளம் நோதல், சினத்தல் எனப் பலபொருள் இவ்வினைக்கு உண்டு. திருக்குறளின் கள்ளாமை அதிகாரத்தில் 'கன்றிய' என்னும் எச்சம், மிக்கு முதிர்ந்து ஊன்றிய என்னும் பொருள்பட ஆளப்பட்டுள்ளது. பேச்சுவழக்கில் 'கன்னிப்போச்சு' என்பதும் இவ்வினையே. பன்றி பன்னியாதலும், கன்று கன்னு ஆதலும் போல னகர றகரம் இரட்டை னகரமாயிற்று. ஆவின் இளமையைக் குறிக்கும் கன்று என்னும் பெயரை இதனோடு மயக்குதல் ஆகாது.

திராவிட மொழிகளுள்ளும் இவ்வினைக்கு இனம் உண்டு. தெலுங்கிற் 'கந்து' என்பது வெயிலாலும் அடியாலும் நிறம் மாறிக் கன்றுதலைக் குறிக்கும். கன்னடத்திற் 'கந்து' என்பது வாடி நிறம் மங்குதலையும் பழுப்பு நிறத்தையும் குறிக்கும். தமிழ்ப் பன்றி அவ்விரு மொழிகளில் முறையே பந்தி, ஹந்தி என நிற்றலும், தமிழ் ஒன்று கன்னடத்தில் ஒந்து என நிற்றலும் நோக்குவார்க்கு, கன்று, கந்து என்பவற்றின் உறவு ஒலிநெறிக்கு முற்றும் இயைந்ததாதல் தெளிவு. இம்மொழிகள் மூன்றினும் பொதுவாக நிற்பது வெப்பத்தால் நிறம் மாறுதல் என்னும் கருத்து. ஆதலின், எரிந்தாற்போற் கறுத்தல் என்பதே முதற்பொருளாக, அடிபட்ட தோலின் கருமை அதன்வழித் தோன்றியிருத்தல் வேண்டும் எனக் கொள்கின்றோம். கனல் என்னும் சொல்லும் இக்குடும்பத்தது எனல் பொருந்துமாயினும், அதனை முடிந்த முடிபாக ஈண்டுக் கூறேம்.

கிரேக்கன் ஊற்றுதலைக் கண்டான். தமிழன் எரிதலைக் கண்டான். எரிதல் என்னும் தமிழ்க்கருத்து நிறத்தை மட்டுமன்றி நோவையும் உடன் உணர்த்துகின்றது. இலத்தீனில் நீலம்பாரித்தலைக் குறித்த 'லிவோர்' என்பது பொறாமையையும் குறித்தாற்போல, முகம் கன்றுதலும் மனம் கன்றுதலும் தமிழில் இயல்பாக எழுந்தன.

கன்றுதலன்றி வேறு இரு சொற்களும் நம் வழக்கில் உள. ஒன்று 'ஊமைக்காயம்'. வெட்டுண்ட புண் வாய்திறந்து நிற்கும், இதற்கு வாயில்லை, ஆதலின் ஊமை எனப்பட்டது போலும். மற்றொன்று 'இரத்தக்கட்டு'. புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றிடும் பாட்டிமாரும், மூசாம்பரம் உரைத்துப் பூசும் நாட்டு மருத்துவரும் வழங்குவது இச்சொல்லே. நாளத்தினுட் குருதி உறைந்து அடைத்தலையும் இன்று சிலர் இரத்தக்கட்டு என்றே எழுதுகின்றனர். சுகில்லாத்தியோவிற்கு நேர்ந்த நிலை இதற்கும் நேர்தல் ஆகாது.

கலைச்சொல்லாக்கத்திற்குச் சில கருத்துக்கள்

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிற் பயிற்றினர். அதற்கென நூல்களையும் தமிழாக்கினர். 1938ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர். இவ்வழி வருவார், பிறமொழிச் சொல்லைக் கண்டவுடன் அதன் உறுப்புக்களை ஒன்றொன்றாகப் பெயர்த்துப் புதுச்சொல் ஆக்க விழைதல் இயல்பு. எக்கிமோசிசு என்பதனை அங்ஙனம் பெயர்ப்பின் 'வெளியூற்று' என்றாதல் 'சாறுவெளிப்பாடு' என்றாதல் அமையும். அதனைக் கேட்கும் தமிழர், குருதி உடலைவிட்டு வெளியே ஓடிற்று என்றே கொள்வர். நாளத்திற்குப் புறம் என்பது உடலுக்குப் புறம் என மாறிவிடும். உறுப்புப் பெயர்ப்பு ஈண்டுப் பொருளைக் கெடுக்கின்றது.

ஆதலின் வழக்கில் உள்ள சொற்களையே எல்லை வகுத்து ஆளுதல் நன்று எனக் கருதுகின்றோம். எக்கிமோசிசு என்பதற்குக் 'கன்றல்' என்க. அடியாலோ பிறவற்றாலோ குருதி நாளத்தைக் கடந்து தோலின்கட் பரவித் தோன்றும் நிறம் அதன் பொருள் என வரையறுக்க. கன்றுதலாகிய தொழிலின் பெயர் கன்றிய இடத்திற்கு ஆதல் தொழிலாகுபெயர் நெறிக்கு ஒத்ததே. அடியாற் புறத்தோல் கிழியாது உண்டாகும் 'கண்டூசன்' என்பதற்கு 'ஊமைக்காயம்' பொருந்தும். குருதி திரண்ட 'ஈமட்டோமா' ஒன்றற்கே 'இரத்தக்கட்டு' உரியதாகுக. நாளத்தினுள் உறைதலை 'உறைவு' என்க. இறந்த உடலிற் குருதி இழிந்து நிற்றலாற் பிறப்பதனைத் 'தேக்கநிறம்' எனலாம். அதனைக் கன்றல் என்று ஒருபோதும் எழுதலாகாது.

முடிபு

கன்றல் என்னும் சொல்லில் 'வெளியே' என்னும் கருத்துக்கு இடமில்லை என்று ஒருவர் தடை கூறலாம். அஃது உண்மையே. ஆயினும் ஒரு கலைச்சொல்லின் பொருளை அதன் பிறப்பு மட்டும் தாங்குவதில்லை. வரையறையும் உடன்நின்று தாங்குகின்றது. பாரன்கைமா என்பது பிழையான காரணத்தை உடையதாயிருந்தும் வரையறையால் வாழ்கின்றது. கன்றல் என்பதற்குப் பிழையான காரணம் ஒன்றுமில்லை. குறைந்த காரணமே உண்டு. அக்குறையை வரையறை நிரப்பும். மேலும், தன் உடலில் நேர்ந்ததனை நோயாளி எச்சொல்லாற் கூறுகின்றாரோ, அச்சொல்லையே மருத்துவர் சான்றிதழில் எழுதி, நடுவர் மன்றத்திற் படிப்பாராயின், மூவர்க்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. அடியுண்ட ஒருவர் தாம் பட்டதனைத் தம் மொழியிலேயே கேட்டு, அது சரியாக எழுதப்பட்டதா என்று தாமே தேர்ந்துகொள்ளவும் கூடும். கலைச்சொல்லாக்கத்தின் பயன் இதனினும் பெரிது யாதுளது?